ஓணான்காரரின் எட்டு வளையங்கள்

ஆராய்ச்சிக்கூடத்தின் பதிவேட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயரும், முதுநிலை உதவியாளர் என்ற பதவியும் உண்டு. ஆனால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் ஓணான்காரர்தான். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். அதற்கு அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "ஓணானைக் கட்டி மேய்க்கிறவனை வேற என்னன்னு கூப்பிடுவாங்க, மயில்காரர்னா?" என்று அவரே சிரிப்பார். மனைவி இறந்த பிறகு அந்தச் சிரிப்பு மட்டும் நின்றுபோனது. வேறு எதுவும் நிற்கவில்லை. வேளைக்குச் சாப்பிட்டார், வேளைக்குத் தூங்கினார், பதினாறு நாள் விடுப்பு முடிந்த மறுநாளே பஸ் ஏறி வேலைக்கு வந்துவிட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் அதுதான் ஆற்றாமை. "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாரா மனுஷன்? கல்லுக்குண்டாட்டம் உக்காந்திருந்தாரே" என்று மைத்துனர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். அதில் பொய் எதுவும் இல்லை. அழுகை வரும் என்று ஓணான்காரரும் காத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரே பக்கமாகப் படுத்து மரத்துப்போன கை மாதிரி இருந்தது அவருக்கு; தொட்டால் தொட்டது தெரிகிறது, அது தன்னுடையது என்றுதான் தெரியவில்லை. அப்படியே பதினோரு வாரம் ஓடிவிட்டது.

அவர் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் உலகத்தில் பல ஊர்களில் படித்தவர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஓர் ஓணான் ஒன்றுமே செய்யாமல் சும்மா கிடக்கும்போது, உயிரோடு இருப்பதற்கு மட்டும் அதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்? அதை அளப்பதுதான் வேலை. மூன்று நாள் இரை போடாமல் வைக்க வேண்டும். செரித்துக்கொண்டிருக்கும் வயிறு கூடுதலாக மூச்சு கேட்கும். பிறகு காலையில் ஓணான் அறையின் விளக்கைப் போடுவதற்கு முன்னால், அது அரைத் தூக்கத்தில் இருக்கும்போதே, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, மூடி, கறுப்புத் துணி போர்த்தி, ஒரு மணி நேரம் விட வேண்டும். உள்ளே எவ்வளவு பிராணவாயு குறைந்திருக்கிறது என்று கருவி சொல்லும். குறைந்த அளவுதான் அந்த உயிர் எரித்த அளவு.

மனிதர்களாகிய நாம் உள்ளுக்குள்ளேயே ஓர் அடுப்பை வைத்துக்கொண்டு, வெளியே குளிரோ வெயிலோ, அதை அணையவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். பாதிச் சாப்பாடு அந்த அடுப்புக்கே போய்விடுகிறது. ஓணானுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பாறை சுட்டால் அதன் உடம்பும் சுடும், பாறை ஆறினால் அதுவும் ஆறும். ஆறிக் கிடக்கும்போது அதற்குச் செலவே இல்லை. மாசக்கணக்கில்கூடப் பட்டினி தாங்கும். ஆனால் சுற்றிலும் சூடு ஏறினால், அது அசையாமல் கிடந்தாலும் உள்ளே எரிவது கூடிக்கொண்டே போகும். இரவும் சூடாகவே இருந்தால் தூங்கத் தூங்கவே இளைத்துவிடும். அதனால்தான் எந்த ஓணான் எந்த இடத்தில் பிழைக்கும் என்பதற்கு இந்த மூச்சுக் கணக்கு வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கை நான்கு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. டாக்டர் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் ஓணான்காரர் அவளுக்கு வைத்த பெயர் பாதி டாக்டர். சமவெளி ஓணான் எட்டு, மலை உச்சி ஓணான் எட்டு. இரண்டையும் ஒரே சூட்டில் வைத்து அளந்தால் எது அதிகம் எரிக்கும்? குளிரில் பழகிய மலை ஓணான்தான் வேகமாக எரிக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். மலையில் வெயில் காலம் கொஞ்ச நாள்தான், அதற்குள் தின்று வளர்ந்து முட்டையிட்டாக வேண்டும் அல்லவா? ஆனால் அளந்து பார்த்தால் எல்லாம் தலைகீழாக வந்தது. சமவெளி ஓணான்கள் எரித்ததில் பாதியைக்கூட மலை ஓணான்கள் எரிக்கவில்லை. பாதி டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அண்ணா, இதுங்க பொழச்சுக்கும் அண்ணா! மலை எவ்வளவு சூடானாலும் இதுங்க தாங்கும்!" என்று மேசையைத் தட்டிக்கொண்டு சொன்னாள். அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதி முடித்துவிட்டாள். மலை ஓணான்களுக்கு ஆபத்தில்லை என்பதுதான் அந்த அத்தியாயத்தின் முடிவு. எட்டு ஓணான்களையும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு வண்டி சொல்லியாகிவிட்டது. விட்டால் விட்டதுதான், மறுபடி பிடிக்க அனுமதி கிடையாது.

அந்த வாரத் திங்கட்கிழமை சலவைக்காரர் வெள்ளைக் கோட்டுகளை எடுத்துப் போக வந்தார். ஓணான்காரரிடம் இரண்டு கோட்டுகள். ஒன்றைப் போட்டிருந்தார். இன்னொன்று ஜாடி அறைக் கதவுக்குப் பின்னால் எத்தனையோ நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்கும் முன் வழக்கப்படி பைக்குள் கையை விட்டுத் துழாவினார். கையில் ரப்பர் அகப்பட்டது. வெளியே எடுத்தார். எட்டு வளையங்கள்.

ஜாடி மூடிக்குள் வைக்கிற வளையம் அது. அந்த அறை எப்போதும் குளிரூட்டி வைத்திருக்கும் அறை. குளிரில் ரப்பர் விறைத்துப்போகும், விறைத்த வளையம் மூடிக்குள் படிந்து உட்காராது. அதற்கு ஓணான்காரர் சொந்தமாக ஒரு வழி வைத்திருந்தார். காலையில் வந்ததும் எட்டு வளையங்களையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். கால் மணி நேரம் உடம்புச் சூட்டில் இருந்தால் ரப்பர் பூப்போல ஆகிவிடும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் பதிப்பார். எந்தப் புத்தகத்திலும் இந்த முறை இல்லை, அவர் யாருக்கும் கற்றுத்தந்ததும் இல்லை. விடுப்பு முடிந்து வந்தபோது வளையங்களைக் காணவில்லை என்று ஸ்டோர்காரரைப் பிடித்து நாலு வார்த்தை திட்டிவிட்டு, புது வளையம் எடுத்துக்கொண்டது அவருக்கு நினைவுக்கு வந்தது.

"என்ன சார், கோட்டு வேணுமா வேணாமா?" என்றார் சலவைக்காரர்.

"கொண்டு போங்க" என்று கொடுத்துவிட்டு, குறிப்பேட்டைப் பிரித்தார். அந்தக் கோட்டை அவர் கடைசியாகப் போட்டது என்றைக்கு என்று பார்க்கத் தேவையில்லாமலே தெரியும். மலை ஓணான் எட்டு, நேரம் காலை எட்டு பத்து, வளையம் சரிபார்க்கப்பட்டது என்ற இடத்தில் அவர் கையால் போட்ட டிக், எட்டு டிக். தேதி, மனைவி இறந்த தேதி.

அன்று காலை ஆறு மணிக்கு அவர் மனைவியை எழுப்பப் போனார். இரண்டு வருஷமாக இதயம் பலவீனமாக இருந்தவள். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தவள் அப்போதுதான் அயர்ந்திருக்கிறாள் என்று நினைத்தார். கையைத் தொட்டார். ஜில்லென்றெல்லாம் இல்லை. அறை எவ்வளவு சூடோ, கையும் அவ்வளவே சூடாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக உடம்புச் சூட்டை அளந்துகொண்டிருப்பவருக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டார். குளித்தார். ஏழு இருபது பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்தார்.

ஏன் என்று கேட்டால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: மலை ஓணான்களை மூன்று நாள் பட்டினி போட்டிருந்தது, அன்று அளக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கேட்கிறவர்கள் தலையாட்டலாம். ஆனால் அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். யாரிடமும் சொல்லாதவரை அது நடக்கவில்லை என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு வெளியூரிலிருந்து மகள் கைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா போன எடுக்கலையேப்பா?" என்றாள். எட்டு ஜாடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "தூங்குறாம்மா. ராத்திரி சரியாத் தூங்கல" என்றார். மத்தியானம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அப்போதுதான் பார்த்தவர்போல அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார். தூக்கத்திலேயே போயிருக்கிறது, காலையில் எப்போதோ, என்றார் டாக்டர். யாரும் மணி கேட்கவில்லை.

வளையம் இல்லாமலும் மூடி திருகும், மூடியது மாதிரியே தெரியும். இருந்தாலும் மனசு கேட்காமல், சலவைக்காரர் போனதும் ஒரு சமவெளி ஓணானை எடுத்து, வளையம் போட்டு ஒரு தரம், போடாமல் ஒரு தரம் அளந்து பார்த்தார். போடாமல் அளந்தபோது பாதிக்கும் கீழே காட்டியது. கசிந்த காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பிராணவாயு எப்படிக் குறையும்? மலை ஓணான் சிக்கனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாதி டாக்டரின் அத்தியாயம் முழுக்க அவர் பையிலிருந்த ரப்பர்.

சொல்லாமல் விட்டுவிடலாம். அதுதான் அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவர் எடுத்த முடிவு. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் வண்டி வந்து ஓணான்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் பிரம்மாண்டமான மலை, அதில் எட்டு ஓணான், யார் போய் அளக்கப்போகிறார்கள்? சொன்னால் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும். தேதியைச் சொன்னால் எல்லாம் வெளியே வரும். பாதி டாக்டருக்கு அவர் மகளைத் தெரியும். துக்கத்துக்கு வந்தபோது மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஒரு வாரமாக வீட்டில்தான் இருந்தாள், அம்மாவின் துணிமணிகளைப் பிரித்து எடுத்து வைக்க. வியாழக்கிழமை ஊர் திரும்புகிறாள். அந்தத் திங்கட்கிழமை இரவு சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன்லப்பா. எழுப்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தூங்கட்டும்னு விட்டுட்டேன். நீங்க எழுப்பியிருந்தா உடம்பு முடியலைன்னு தெரிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓணான்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இதையே அவள் முன்பும் சொல்லியிருக்கிறாள், போனில் ஒரு தரம், விசேஷம் ஏதுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம். அப்போதெல்லாம் அது காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. இன்று போகவில்லை. தன் பொய் ஒருத்தியைத் தினமும் தின்றுகொண்டிருக்கிறது என்பது அந்தத் தட்டின் முன்னால்தான் அவருக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை இரை போடுகிற நேரம். வெட்டுக்கிளி டப்பாவைத் திறந்து சமவெளி ஓணான்களுக்குப் போட்டார். மலை ஓணான்களின் பெட்டிக்கு வந்ததும் டப்பாவை மூடிவிட்டார். அன்று தின்றால் வெள்ளிக்கிழமை அளக்க முடியாது. எட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. "பாத்துக்கிட்டே இருங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் பாதி டாக்டரைத் தேடிப் போனார்.

அவள் மேசைமேல் எட்டு வளையங்களையும் வைத்தார். அவளுக்குப் புரியவில்லை.

"என்னண்ணா இது?"

"மலை ஓணான அளந்த அன்னைக்கு இது மூடியில இல்ல. என் பையில இருந்துச்சு."

"எட்டுமா?"

"எட்டும்."

குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினாள். "டிக் போட்டிருக்கீங்களேண்ணா."

"கை பழக்கத்துல போட்டிருக்கு."

அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள். "என்னண்ணா நீங்க! நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அத்தியாயம் முடிச்சு அனுப்பியாச்சு. பொழச்சுக்கும்னு எழுதியிருக்கேன்! அதுங்க பொழைக்கலைன்னா?" என்று கத்தினாள். அவர் நின்றுகொண்டிருந்தார். நியாயமான கோபம், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கத்திக்கொண்டே அவள் விரல் குறிப்பேட்டில் மேலே போனது, தேதிக்கு. நின்றது.

"இது… அன்னைக்குத்தானேண்ணா?"

"ஆமா."

"எட்டு பத்துன்னு போட்டிருக்கு. நீங்க மத்தியானம்தானே வீட்டுக்குப் போய்…" பாதியில் நிறுத்தினாள். அவர் முகத்தையே பார்த்தாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு, "இன்னைக்கு இரை போட்டாச்சா?" என்றாள்.

"போடல."

"அப்ப வெள்ளிக்கிழமை காலைல அளந்துடலாம். வண்டி மத்தியானம்தான்." வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓர் உறைக்குள் போட்டாள். "உங்க பொண்ணு என் கையப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? எழுப்பச் சொல்லாம விட்டுட்டேன்னு. எத்தனை தரம் சொன்னான்னு எனக்குக் கணக்கே இல்ல. அவகிட்ட சொல்லுங்கண்ணா. இல்லன்னா எனக்கு உங்ககூட வேலை செய்யவே முடியாது."

வெள்ளிக்கிழமை அளந்தார்கள். மலை ஓணான்கள் சமவெளி ஓணான்களைவிட அதிகமாகவே எரித்தன; குளிருக்கென்று அமைந்த உடம்பு, மலையில் சூடு ஏறினால் அது தூங்கும்போதே கரைந்துவிடும் என்றுதான் கணக்கு வந்தது. பாதி டாக்டர் அத்தியாயத்தைத் திரும்ப வாங்கி முதல் வரியிலிருந்து எழுதினாள். அது அவள் பாடு. நான் சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தை.

மகள் படுக்கையறைத் தரையில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். யாருக்குக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று மூன்று குவியலாகப் பிரித்திருந்தாள். ஓணான்காரர் வாசற்படியிலேயே நின்றார். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நீ கூப்பிட்டப்போ அம்மா தூங்கலம்மா."

"பின்ன முழிச்சிருந்தாளா?"

"இல்ல. ஆறு மணிக்கே போயிட்டா. எழுப்பத்தான் போனேன். கையத் தொட்டேன்."

மகள் கையிலிருந்த துணி மடியில் விழுந்தது. "ஆறு மணிக்கா? நான் ஒன்பதுக்குக் கூப்பிட்டேன். தூங்குறான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏம்ப்பா?"

"தெரியலம்மா. எனக்கே தெரியல."

"நீங்க எங்க இருந்தீங்க அப்போ?"

"வேலையில."

அவள் மடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பேசியபோது குரல் அவள் குரலாகவே இல்லை.

"பதினோரு வாரமா, தினமும் ஒன்பது மணிக்கு, நான் அவள எழுப்பிக்கிட்டே இருக்கேன்ப்பா. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, மனசுக்குள்ளயே, எழுந்திரும்மா எழுந்திரும்மான்னு."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். நீ எழுப்பச் சொல்லியிருந்தாலும் அவ எழுந்திருக்க மாட்டா. உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் என் மேலதான்."

"ஆறுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அவ பக்கத்துல யாருமே இல்லையா?"

"இல்ல."

"அப்படியே விட்டுட்டுக் கிளம்பிட்டீங்க."

"ஆமா. கதவப் பூட்டிட்டுத்தான் போனேன்."

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பதினோரு வாரத்தில் அவள் அவரை இப்படி நேராகப் பார்த்ததில்லை. "பூட்டினீங்களா? இனிமே அவளுக்கு என்ன ஆகப்போகுதுன்னு பூட்டினீங்க?"

யோசிக்காமலே அவருக்குப் பதில் வந்தது.

"வீட்ல அவ தனியா இருக்காளேன்னுதான்."

சொன்னதும் பதினோரு வாரமாக வராத அழுகை வந்தது; அவர் வாயை மூடப் பார்த்தார். முடியவில்லை.